மோதல் நடந்த இடங்களில் பேச்சுவார்த்தை நடத்தி உண்மையில் என்ன ஆகிறது? ‘மனிதப் பாதுகாப்பு’ என்பது வெறும் ஐ.நா. வார்த்தைதானா?

நான் அரசியல் படித்தவன் இல்லை, வேலூரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன், அப்பா காலத்துக் கடை. இந்தக் கேள்விக்கு நான் எதற்குப் பதில் எழுத வேண்டும் என்றால், எங்கள் கடைக்கு வருகிற பெயின்டர்களில் நிறையப் பேர் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிறவர்கள், இருபது வருடமாக அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் ஒருவர் சொன்ன மூன்று வார்த்தைதான் இதற்கு என் பதில்.

அவரை அண்ணன் என்றே எழுதுகிறேன், பெயர் வேண்டாம். வவுனியா பக்கம். 2006-இல் படகில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் எங்கள் பக்கத்து முகாமுக்கு வந்தவர். அதற்கு முன்னால் லாரியில் கிளீனராக இருந்திருக்கிறார். ஒருநாள் இருபது லிட்டர் பக்கெட் கலர் மிஷினில் குலுங்கிக்கொண்டிருந்தபோது சும்மா கேட்டேன்: “ஏண்ணே, நார்வேக்காரங்க வந்து அத்தன தடவ பேச வெச்சாங்களே, அதால ஏதாச்சும் பிரயோஜனம் இருந்துச்சா?” அரசாங்கத்தைத் திட்டுவார், இல்லை புலிகளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “பாதை திறந்தது, தம்பி” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பாதை என்றால் ஏ-9 வீதி, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை போகிற ரோடு. போர் நடந்த பல வருடம் வடக்கே அது மூடிக் கிடந்தது. 2002 பிப்ரவரியில் நார்வே நடுவில் நின்று அரசாங்கமும் புலிகளும் போர்நிறுத்த ஒப்பந்தம் போட்டார்கள், ஏப்ரலில் பாதை திறந்தது. அந்த நாலு வருடத்தை முகாமில் எல்லோரும் ‘சமாதான காலம்’ என்றுதான் சொல்வார்கள், நம்மூரில் ‘எம்.ஜி.ஆர். காலத்துல’ என்று சொல்கிற மாதிரி. அந்தப் பாதையில்தான் அண்ணன் லாரியில் போய் வந்திருக்கிறார். வவுனியா தாண்டி ஓமந்தையில் ராணுவச் சாவடி, சரக்கை இறக்கிக் காட்டிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். கொஞ்ச தூரம் போனால் புலிகளின் சாவடி, அங்கே சரக்குக்கு வரி. யாழ்ப்பாணத்துக்கு முன்னால் முகமாலையில் மறுபடி இதே கதை. முதுகு ஒடிந்துவிடும் என்பார். ஆனால் சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்கும், அதைத்தான் நான் கவனித்தேன். சிரமம் இருந்தது, ஆனால் எந்தச் சிரமம், எத்தனை மணி நேரம் என்று தெரிந்திருந்தது. காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் போய்ச் சேரலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போக முடிந்தது.

சரி, வார்த்தைக்கு வருகிறேன். மனிதப் பாதுகாப்பு என்ற பேச்சு பரவலானது 1994-இல், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மனித மேம்பாட்டு அறிக்கையிலிருந்து. அதற்குப் பின்னால் இருந்தவர் மஹ்பூப் உல் ஹக், பாகிஸ்தான் பொருளாதார நிபுணர். அதுவரை பாதுகாப்பு என்றால் நாட்டின் எல்லை, ராணுவம், பீரங்கி. அவர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள்: நாடு பத்திரமாக இருக்கிறதா என்று கேட்காதே, அதில் இருக்கிற ஆள் பத்திரமாக இருக்கிறானா என்று கேள். வருமானம், சாப்பாடு, உடம்பு, சுற்றுச்சூழல், உயிர், சமூகம், அரசியல் உரிமை என்று ஏழு விதமாகப் பிரித்தார்கள். 2003-இல் சடாகோ ஒகாட்டாவும் அமர்த்தியா சென்னும் சேர்ந்து தலைமை தாங்கிய ஆணையம் இதையே இன்னும் விரித்து எழுதியது. பயமில்லாமல் இருப்பது, பசியில்லாமல் இருப்பது, இரண்டும் சேர்ந்துதான் பாதுகாப்பு என்பதுதான் சாரம்.

துப்பாக்கியே இல்லாத இடத்திலும் இது பொருந்தும் என்பதற்கு வடஆற்காட்டுக்காரனுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. பாலாறு போதும். தோல் தொழிற்சாலைக் கழிவால் இந்தத் தோல் தொழில் வட்டாரத்தில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுசோ கெட்டுப்போனது என்று 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் எழுதியது. நாட்டின் எல்லைக்கு ஒரு ஆபத்தும் இல்லை, கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. அதே தோல் தொழிலால்தான் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் எத்தனையோ வீட்டில் உலை வைக்கிறார்கள் என்பதும் நிஜம். அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் கெட்டவன், ஒரு பக்கம் நல்லவன் என்று இருந்தால் பேச்சுவார்த்தை எதற்கு, போலீஸ் போதும்.

இலங்கைக்குத் திரும்புகிறேன். 2002 செப்டம்பரில் தாய்லாந்தில் தொடங்கி 2003 மார்ச்சில் ஜப்பானின் ஹகோனே வரை ஆறு சுற்று நேரடிப் பேச்சு நடந்தது. ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகி நின்றார்கள். ஜூனில் டோக்கியோவில் உதவி நாடுகள் கூடி 450 கோடி டாலர் தருவதாகச் சொன்னபோது, ஒரு தரப்பு அந்த அறையிலேயே இல்லை. காசு வந்தால் சமாதானம் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று பெரிய பெரிய ஆட்கள் நம்பியிருக்கிறார்கள், ஆச்சரியம்தான்.

மேசையில் யார் இருந்தார்கள் என்பதைவிட யார் இல்லை என்பதுதான் என்னை உறுத்துவது. மேல்விஷாரத்தில் எனக்கு ஒரு முஸ்லிம் நண்பர், செருப்புக்கு மேல்தோல் தைக்கிற யூனிட் நடத்துகிறார். இந்தக் கதையெல்லாம் அவரிடம் சொன்னபோது ஒரே கேள்விதான் கேட்டார்: “எங்க ஆளுங்க எங்கப்பா உக்காந்தாங்க?” 1990 அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் 70,000-க்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் வெளியேற்றினார்கள், பலருக்குச் சில மணி நேரம்தான் அவகாசம். அவர்கள் திரும்பிப் போவதா, எப்படிப் போவது என்பது பேச்சின் நடுவில் இருந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் முஸ்லிம்களுக்கென்று தனித் தரப்பு அங்கே கிடையாது, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூஃப் ஹக்கீம் அரசாங்கக் குழுவில் ஒருவராகத்தான் போனார். பெண்களுக்காக ஒரு துணைக்குழு போட்டார்கள், பக்கத்துக்கு ஐந்து பெண்கள். அது கிளிநொச்சியில் முதல்முறை கூடியதே 2003 மார்ச்சில், அடுத்த மாதம் பேச்சே நின்றுவிட்டது. கடைசிப் பந்தியில் உட்கார வைத்து, இலை போடும்போதே சாப்பாடு தீர்ந்துவிட்டது என்று சொன்ன மாதிரி.

2006 ஆகஸ்டில் சண்டை மறுபடி மூண்டு பாதை மூடப்பட்டது. அண்ணன் பாஷையில் “பாதையைப் பூட்டிப்போட்டாங்கள்”. யாழ்ப்பாணத்துக்குச் சாமான் போக வேண்டுமென்றால் கப்பல்தான், விலை எகிறியது. அக்டோபர் கடைசியில் ஜெனிவாவில் மறுபடி உட்கார்ந்தார்கள். பாதையைத் திற என்றது ஒரு தரப்பு, முடியாது என்றது மறு தரப்பு, அதோடு எழுந்துவிட்டார்கள். அரசியல் தீர்வு, கூட்டாட்சி என்றெல்லாம் பேசியவர்கள் கடைசியில் ஒரு ரோட்டில் வந்து முட்டி நின்றார்கள். ‘வெறும் ரோடுதானே’ என்று அப்போது பேப்பர் படித்த நானும் நினைத்தேன். அண்ணனுக்குத்தான் தெரியும் அது வெறும் ரோடு இல்லை என்று, அந்த வருடம்தான் அவர் படகேறியது.

பெரிய இடத்துக் கதை போதும். 2017 கோடையில் எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன், இதற்கு நானே சாட்சி. கடுமையான வறட்சி. முகாமுக்கும் பக்கத்து ஊருக்கும் ஒரே மேல்நிலைத் தொட்டி. குழாயடியில் வாய்ச்சண்டை, அப்புறம் கைகலப்பு, ஒரு பையனுக்கு மண்டையில் நாலு தையல். உடனே ஓர் அலுவலகத்தில் அமைதிக் கூட்டம் போட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள், முகாம் தலைவர், போலீஸ், அதிகாரி. இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் என்று எங்கள் அப்பாவையும் கூப்பிட்டார்கள், நான் வண்டியோட்டிக்கொண்டு போனேன். டீ, மிக்சர், இரண்டு மணி நேரம். ‘இனி சுமுகமாக இருப்போம்’ என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அறையில் இருந்த ஒருவர்கூட வாழ்க்கையில் குடம் தூக்கி வரிசையில் நின்றவர் இல்லை, என்னையும் சேர்த்துத்தான். எட்டே நாளில் மறுபடி சண்டை.

அதைச் சரிசெய்தது வேறு கூட்டம். இரண்டு பக்கத்துக் குழந்தைகளும் ஒரே பால்வாடிக்குத்தான் போகின்றன. பிள்ளையைக் கூப்பிட வந்த இடத்தில், அந்தத் திண்ணையில், ஊரில் இட்லிக்கடை போட்டிருக்கும் அக்காவும் முகாமில் சுய உதவிக் குழு நடத்தும் ஒரு அம்மாவும் பேச ஆரம்பித்து, அப்புறம் டேங்க் ஆபரேட்டரை வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குப் பில் பணம் வாங்கப் போன நான் ஓரமாக நின்று கேட்டேன். இட்லிக்கடை அக்கா சொன்னது: “தண்ணி கம்மின்றது இல்லபா. எப்போ வுடுவாங்கன்னே தெரியமாட்டேங்குது. குடத்த வெச்சிட்டு குந்திக்கினே இருந்தா நான் மாவாட்டறது எப்போ?” முகாம் அம்மா உடனே, “எங்களுக்கும் அதுதான் கரைச்சல். எப்ப வருமெண்டு தெரிஞ்சால் ராத்திரியெண்டாலும் நிப்பம்” என்றார். ஆபரேட்டர் தலையைச் சொறிந்துகொண்டு, கரண்ட் எப்போது வரும் என்று தனக்கே தெரியாது, யாரும் தன்னை இதுவரை கேட்டதும் இல்லை என்றார்.

தொட்டியின் தூணில் ஒரு சதுரம் கருப்படித்து, தினமும் சாக்பீஸில் நேரம் எழுதுவது என்று முடிவானது. ஒருநாள் ஊருக்கு முதல் ஒரு மணி நேரம், மறுநாள் முகாமுக்கு முதல். கரண்ட் போனால் ‘இன்று தெரியாது’ என்றாவது எழுத வேண்டும். கருப்பு எனாமல் அரை லிட்டர் எங்கள் கடையிலிருந்து போனது, காசு இன்னும் வரவில்லை, அது போகட்டும். இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை விட மாட்டேன். புது பைப் கேட்டபோது ஊர்ப் பக்கம்தான் முதலில் போட்டார்கள், முகாமில் யாருக்கும் ஓட்டு கிடையாதே. மண்டையில் அடிபட்ட பையன் வீட்டார் இன்றைக்கும் அந்தக் குழாய்ப் பக்கம் வருவதில்லை. ஆனால் அந்தக் கோடையில் அதற்கப்புறம் தையல் போடும் அளவுக்கு யாருக்கும் அடிபடவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரடியாக: பேச்சுவார்த்தை பயன்படும், ஆனால் எதைப் பேசுகிறார்கள், குடம் தூக்குகிறவர் அங்கே இருக்கிறாரா என்பதைப் பொறுத்து. பெரிய தீர்வு முதலில், தண்ணீரும் ரோடும் அப்புறம் என்று வரிசை போட்டால், அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை. தரப்புகள் மட்டும் பேசாமல் அடிபட்டவர்களையும் கூப்பிட்ட இடங்கள் உண்டு. கொலம்பியாவின் உள்நாட்டுப் போரை முடிக்க கியூபாவின் ஹவானாவில் பேசியபோது, 2014-இல் பாதிக்கப்பட்டவர்கள் 60 பேரை, பன்னிரண்டு பன்னிரண்டு பேராக, மேசைக்கே வரவழைத்தார்கள். அதற்குப் பிறகும் 2016 அக்டோபரில் வாக்கெடுப்பில் ஒப்பந்தம் மயிரிழையில் தோற்றது, திருத்திக் கையெழுத்துப் போட இன்னொரு மாதத்துக்கு மேல் ஆனது. அவர்களைக் கூப்பிட்டதால் மட்டும் ஜெயித்துவிடாது. கூப்பிடாமல் நிலைத்தது எனக்குத் தெரிந்து எதுவுமில்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

இன்னொன்று, போர் முடிந்தால் பாதுகாப்பு வந்துவிடாது. 2009 மேயில் அங்கே போர் முடிந்தது. இங்கே தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில், 2021 கணக்குப்படி, 58,000-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அந்த வருடம் நவம்பரில் வேலூர் பக்கத்து மேல்மொணவூரில்தான் முதலமைச்சர் ஸ்டாலின் முகாம்களுக்குப் புது வீடு கட்டும் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார், பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. நல்ல விஷயம், பத்துக்குப் பத்து அறையில் இரண்டு தலைமுறை படுத்திருந்ததைப் பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் சொல்லும் நாடுகளில் இலங்கையே இல்லை. அண்ணனின் மகள் இங்கேயே பிறந்து, இங்கேயே கல்லூரியில் படிக்கிறவள், பேச்சில் என்னைவிட வேலூர்க்காரி. வேலைக்கான விண்ணப்பத்தில் ‘நாடு’ என்ற கட்டம் வந்தால் பேனா நின்றுவிடுகிறது. அவளோடு உட்கார்ந்து பேச ஒரு மேசையையும் யாரும் இதுவரை போடவில்லை.

போன மாதம் அண்ணன் சம்பளத்தை ஒருநாள் முன்னாலேயே கேட்டார், மறுநாள் முகாமில் ஆள் சரிபார்க்கிற செக்கிங், வேலைக்கு வர முடியாது. பணத்தை எண்ணிக்கொண்டே, வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் இப்போது எவ்வளவு நேரம் என்று போனில் பார்க்கச் சொன்னார். மேப்பில் போட்டேன், மூன்று மணி நேரம் போல் காட்டியது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். “இல்லைத் தம்பி, ஓமந்தையில நிக்கிற நேரத்தை இதில சேர்க்கேல்லை” என்றார்.