எச்சில் விழுங்கினால் உருண்டை, இட்லி விழுங்கினால் இல்லை

கேள்வி: மன்னார்குடி பக்கத்துக் கிராமம் டாக்டர். 44 வயது. மூன்று வருடமாகத் தைராய்டு மாத்திரை 75 மைக்ரோகிராம் போடுகிறேன். ஆறு மாதமாகத் தொண்டையில் உருண்டை நிற்பதுபோல் இருக்கிறது, செருமிக்கொண்டே இருக்கிறேன். எச்சில் விழுங்கினால் தெரிகிறது, இட்லி, சோறு எல்லாம் நன்றாக இறங்குகிறது. ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் 8.2. ஸ்கேனில் தைராய்டு லேசாக வீங்கியிருக்கிறது, 6 மில்லிமீட்டர் கட்டி ஒன்று இருக்கிறது என்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா 'ஆபரேஷன் பண்ணிடு' என்கிறார். பயமாக இருக்கிறது.

பதில்: அக்காவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது 8.2-உம் இல்லை, 6 மில்லிமீட்டரும் இல்லை. 'சோறு நன்றாக இறங்குகிறது' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

நிஜமான அடைப்பு என்றால் முதலில் சிக்குவது சோறும் கறித்துண்டும்தான். தண்ணீர் கடைசியில்தான் சிக்கும். உங்களுக்குத் தலைகீழாக இருக்கிறது. வெறும் எச்சிலில் தெரிகிற உருண்டை இட்லியோடு காணாமல் போகிறது. தொண்டைத் தசை இறுகுவதாலும், வயிற்று அமிலம் மேலேறி அங்கே உறுத்துவதாலும் பெரும்பாலும் வருகிற தொந்தரவு இது. கவலைப்பட்டால் கூடும். அதற்காக 'எல்லாம் மனசுதான்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், உறுத்தல் உண்மையானது.

தைராய்டுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லமாட்டேன். மூச்சுக்குழாயை முன்பக்கமாக அணைத்தபடி இருக்கிற, 15 முதல் 20 கிராம் எடையுள்ள சுரப்பி அது. வீங்கினால் 'தாலிக்கொடி இறுக்குற மாதிரி இருக்கு' என்று பெண்கள் சொல்வார்கள். ஆனால் 6 மில்லிமீட்டர் என்பது ஒரு துவரம்பருப்பு அளவு. அது தொண்டையை அடைக்காது. ஸ்கேனில் கட்டியின் தோற்றம் சந்தேகப்படும்படி இல்லை, கழுத்தில் நெறிகட்டவில்லை என்றால், 1 சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிக்குப் பொதுவாக ஊசிப் பரிசோதனைகூடத் தேவைப்படாது. எத்தனை மாதம் கழித்து மறு ஸ்கேன் என்பதை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அந்த 8.2. டிஎஸ்ஹெச் என்பது தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோன். அது இப்படிக் கூடியிருந்தால், மருந்து உடம்புக்குப் போதவில்லை என்று பொருள். டோஸைக் கூட்டுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். மாத்திரை எத்தனை மணிக்கு, காபி எத்தனை மணிக்கு? என்னிடம் வந்த ஒரு அம்மா மேசைமேல் பையைக் கவிழ்த்தார். தைராய்டு, கால்சியம், இரும்புச்சத்து, 'கேஸ்' மாத்திரை, எல்லாம் ஒரே பழைய வெள்ளி டப்பாவில். காலை ஐந்தரைக்கு டவராவில் ஆற்றிய டிகிரி காபியோடு நான்கையும் ஒரே மடக்கில் போட்டுக்கொள்வாராம். 'விட்டதே இல்லை டாக்டர்' என்றார் பெருமையாக. விடவில்லைதான், ஆனால் உடம்பில் சேரவும் இல்லை. தஞ்சாவூர்க்காரர்களிடம் காபியை விடச் சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது. தள்ளிப் போடுங்கள், போதும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியத்துக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடும் கேஸ் மாத்திரையும் தைராய்டு மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கலாம், அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால், பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், ரிசல்ட்டையே குழப்பிவிடும். இப்படி ஒழுங்காகப் போட்டு, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் பாருங்கள். மாதாமாதம் பார்ப்பது காசுக்குப் பிடித்த கேடு.

உறுத்தலுக்கு வருகிறேன். செருமுவதுதான் இதில் பெரிய எதிரி. ஒவ்வொரு செருமலும் குரல் நாண்களை ஒன்றோடொன்று மோதவிடுகிறது. புண்ணாகி, மறுபடி செருமத் தோன்றும். தோன்றும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்குங்கள். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும், பிறகு பழகிவிடும். அறுப்பு, நடவு நாட்களில் வீடு திரும்பவே இருட்டிவிடும் என்று தெரியும். ஆனாலும் ஒன்பதரைக்கு வத்தக்குழம்பு சாதம், பத்து மணிக்குப் படுக்கை என்றால் புளிப்பு தொண்டைக்குத்தான் வரும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு, மூன்று மணி நேரம் விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு ஒவ்வொரு செங்கல் வைத்து உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் வலிக்கும். தைராய்டுக்கு முட்டைக்கோஸ் ஆகுமா என்று கேட்க மறந்துவிட்டீர்கள், எல்லோரும் கேட்பார்கள். வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம்.

சோறே சிக்க ஆரம்பித்தால், மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால், எடை காரணமில்லாமல் இறங்கினால், மல்லாந்து படுக்கையில் மூச்சு முட்டினால், கட்டி கண்ணுக்குத் தெரிய வளர்ந்தால் காத்திருக்க வேண்டாம். வீட்டிலேயே பார்க்க, கண்ணாடி முன் நின்று தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, ஒரு மடக்கு தண்ணீர் விழுங்குங்கள். குரல்வளைக்குக் கீழே தண்ணீரோடு ஏறி இறங்கும் புடைப்பு தெரிந்தால், அது தைராய்டாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, வெற்றிலை போடும் பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. புகையிலை சேர்த்துப் போடுகிறவராக இருந்தால் மேலே நான் சொன்ன சமாதானம் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. இந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய், குழாய் கேமரா விட்டுத் தொண்டையைப் பார்த்துவிடுங்கள். சில நிமிட வேலைதான்.