ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஏறவில்லை, மேஜரை மாற்றிவிடலாமா?

கேள்வி இதுதான்: உயிரியல் மேஜர், இரண்டாம் ஆண்டு, ராத்திரியெல்லாம் கண்விழித்துப் படித்தும் ஆர்கானிக் இடைத்தேர்வில் பாஸ் மார்க் வரவில்லை, வேறு துறைக்குப் போய்விடலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த ஒரு மார்க்கைப் பார்த்துப் போகாதீர்கள். உயிரியல் உங்களுக்கு ஒத்துவருமா என்பதைப் பற்றி அந்த மார்க் ஒன்றுமே சொல்லவில்லை.

ராத்திரியெல்லாம் படித்தேன் என்கிறீர்கள், எப்படிப் படித்தீர்கள் என்று சொல்லவில்லையே. இந்தப் பாடத்துக்கு விடைத்தாள் திருத்துகிற ஆள் என்பதால் ஊகித்துச் சொல்கிறேன், வினைகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்திருப்பீர்கள். அப்படிப் படித்தவரின் தாள் பார்த்ததுமே தெரிந்துவிடும். மெக்கானிசம், அதாவது வினை படிப்படியாக எப்படி நடக்கிறது என்று எழுதச் சொன்னால், வளைந்த அம்பு ஹைட்ரஜன் அயனியில் கிளம்பி ஆக்சிஜனில் போய் முடிந்திருக்கும். அம்பு என்பது எலக்ட்ரான் ஜோடி போகிற பாதை. ஹைட்ரஜன் அயனியிடம் ஒரு எலக்ட்ரான்கூடக் கிடையாது, இல்லாதவன் எதை எடுத்துக் கொடுப்பான்? பிணைப்பில் சேராத ஜோடி ஆக்சிஜனிடம் இருக்கிறது, அம்பு அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால் கடைசி விளைபொருள் மட்டும் சரியாக இருக்கும், ஏனென்றால் அதைப் புத்தகத்தில் பார்த்தாயிற்று. அடுத்த கேள்வியிலேயே, நான்கு பிணைப்புக்கு மேல் தாங்காத கார்பனுக்கு ஐந்து பிணைப்பு முளைத்திருக்கும்.

யூரியாவைச் செயற்கையாகத் தயாரித்த வேதியியலாளர் வோலரே 1835இல் இன்னொரு வேதியியலாளரான பெர்சீலியசுக்கு எழுதிய கடிதத்தில், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி தன்னைப் பைத்தியமாக்குகிறது, வெளியேற வழியில்லாத காடு மாதிரி இருக்கிறது என்று புலம்பியிருக்கிறார். அவர் காலத்தில் இந்த அம்புகள் கிடையாது, எலக்ட்ரானே தெரியாது. கெர்மாக், ராபின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் வளைந்த அம்பைக் கொண்டுவந்தது 1922இல்தான். உங்களுக்கு அது கையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் விளைபொருளை உருப்போட்டால் நீங்களும் வோலர் நின்ற இடத்தில்தான் நிற்பீர்கள்.

சரி, என்ன செய்வது? புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் மெக்கானிசத்தை முதலிலிருந்து எழுதிப் பாருங்கள், மாட்டுகிற இடத்தில் மட்டும் திறந்து பாருங்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006இல் செய்த ஆய்வில், மறுபடி மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். ராத்திரி எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது தேர்வறையில் காலை வாருவது இதனால்தான். அடுத்த தேர்வு வரைக்கும் இப்படிப் படியுங்கள், அப்புறம் மேஜர் பற்றி யோசிக்கலாம்.

யோசிக்கும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். புரதத்தை வெட்டுகிற கைமோடிரிப்சின் என்ற நொதியில், செரின் என்ற அமினோ அமிலத்தின் ஆக்சிஜன், புரதத்தைக் கோத்திருக்கிற பெப்டைடு பிணைப்பிலுள்ள கார்பனைல் கார்பனை, அதாவது ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கிற கார்பனைத் தாக்கும். நீங்கள் வெறுக்கிற அதே அம்புதான், உங்கள் உடம்புக்குள்ளேயே நடக்கிறது. அதை வரைந்து புரிந்துகொண்டதும் 'அட' என்று தோன்றினால் இருந்துவிடுங்கள். நன்றாகப் புரிந்த பிறகும் எப்போதடா முடியும் என்றே இருந்தால், மூலக்கூறு உயிரியல் பக்கம் போக வேண்டாம், அவ்வளவுதான். சூழலியல், விலங்கு நடத்தை மாதிரிப் பிரிவுகளில் அன்றாட வேலைக்கு இந்த அம்புகள் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. அதுவும் வேண்டாம், செல், மரபணு, நுண்ணோக்கி எதைப் பார்த்தாலும் அலுப்பாக இருக்கிறது என்றால்தான் மேஜரையே மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் போகிற இடத்தையும் விசாரித்துவிடுங்கள். உளவியலில் புள்ளியியல் நிற்கும், பொருளாதாரத்தில் கணிதம் நிற்கும். அங்கே மூன்றாம் ஆண்டில் இருக்கிற யாரையாவது பிடித்து, போன வாரம் என்னென்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். துறை பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஆலோசகரிடம் போய், இந்தக் கோர்ஸிலிருந்து விலகக் கடைசித் தேதி எது, திரும்பப் படித்தால் பழைய மார்க் போய்விடுமா, இதுவரை எடுத்த கிரெடிட்டில் எவ்வளவு புது மேஜரில் செல்லும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேதி தாண்டிவிட்டால் இந்த செமஸ்டர் முடியும்வரை எப்படியும் படித்துத்தான் ஆக வேண்டும்.