ரீசஸைக் கொன்றது எந்த டயோமிடிஸ்?

வணக்கம் நண்பரே. கிரேக்கப் புராணத்தில், கிரீஸுக்கு வடக்கே இருந்த திரேஸ் நாட்டின் மன்னன் டயோமிடிஸ், அதே திரேஸின் மன்னன் ரீசஸைக் கொன்று குதிரைகளைக் கவர்ந்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். சிக்கல் பெயரில்தான். டயோமிடிஸ் இரண்டு பேர்.

மனித மாமிசம் தின்னும் குதிரைகளை வளர்த்தவன்தான் திரேஸ்காரன், போர்க் கடவுள் ஏரிஸின் மகன். கிரேக்க மாவீரன் ஹெராக்கிளிஸ் தன் 12 சாகசங்களில் 8வதில் அவன் கதையை முடித்துவிட்டான். ரீசஸைக் கொன்றவன் கிரேக்க நகரமான ஆர்கோஸின் அரசன், டைடியஸின் மகன்.

ரீசஸ் கொல்லப்பட்ட இரவு, கிரேக்கர்களுக்கும் ட்ராய் நகரத்தாருக்கும் நடந்த போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தின் 10ஆம் காண்டத்தில் வருகிறது. ட்ராய்க்குத் துணையாக வந்த ரீசஸ் களைத்துத் தூங்குகிறான். டயோமிடிஸ் அவனுடைய வீரர்கள் 12 பேரை வெட்டி, 13வதாக அவனையும் வெட்டுகிறான். பின்னாலேயே வரும் அவனுடைய கிரேக்கக் கூட்டாளி ஒடிசியஸ், ஒவ்வொரு உடலையும் காலைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போடுகிறான். பனியைவிட வெண்மையான ரீசஸின் குதிரைகளுக்குப் பிணத்தை மிதித்துப் பழக்கமில்லை, மிரண்டுவிடும் என்று! அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகும். இலியட்டில் ரீசஸ் ஒருமுறைகூட வாளை உருவவில்லை.

குறிப்பெடுக்கும்போது தந்தை பெயரையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். அப்புறம் குழப்பம் வராது.