அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எத்தனை குழி?

கேள்வி: மகள் தரம் 7 படிக்கிறாள். 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டால் 2/5 என்று எழுதுகிறாள். ரியூசனில் குறுக்கே பெருக்கும் வழியைச் சொல்லிக் கொடுத்தார்கள். அன்றைக்குச் சரியாகச் செய்வாள். ஒரு கிழமை போனால் பழையபடி 2/5. எனக்கும் கணக்கு ஓ.எல்லோடு போய்விட்டது. வீட்டில் வைத்து எப்படி விளங்கப்படுத்துவது? (ஒரு தாய், கோண்டாவில்)

பிள்ளையை ஏசிவிடாதீர்கள், தங்கச்சி. அவள் செய்தது முட்டாள்தனம் இல்லை. சோதனையில் ஒரு பகுதிக்கு 10இற்கு 7, மற்றதற்கு 20இற்கு 15 என்றால் மொத்தம் 30இற்கு 22 என்றுதானே போடுகிறோம்? மேலதை மேலதோடும் கீழதைக் கீழதோடும் கூட்டுவதை அவள் தவணைக்குத் தவணை பார்க்கிறாள். புள்ளிகளை எண்ணும்போது அது சரி. ஆனால் 1/2உம் 1/3உம் ஒரே முழுமையின் துண்டுகள். 2/5 அரையைவிடக் குறைவு. "அரைப் பாணோடு இன்னும் ஒரு துண்டு வைத்தால் அரையைவிடக் குறையுமோ?" என்று மட்டும் கேளுங்கள். விடையை நீங்கள் சொல்ல வேண்டாம்.

அதன் பிறகு காணிக் கணக்குக்கு வாருங்கள். பரப்பும் குழியும் எங்கள் ஊர்க் காணி அளவுகள்; ஒரு பரப்புக்கு 18 குழி. உங்கள் சீதன உறுதியிலும் 'பரப்பு 2 குழி 9' என்ற மாதிரி ஏதாவது இருக்கும். அது இரண்டரைப் பரப்பு, பள்ளிக்கூட மொழியில் கலப்பெண். பின்னம் படிப்பிக்க 18 அருமையான எண். அரை 9 குழி, மூன்றில் ஒன்று 6 குழி, ஆறில் ஒன்று 3 குழி. எதிலும் மிச்சம் வராது.

சதுரக் கோடு போட்ட கொப்பியில் குறுக்கே 6, கீழே 3 பெட்டிகள் வருமாறு ஒரு காணி கீறச் சொல்லுங்கள். ஒரு பெட்டி ஒரு குழி. அரைப் பரப்பில் கத்தரி, மூன்றில் ஒரு பரப்பில் மிளகாய் என்று அவளே நிறம் தீட்டட்டும். ஒவ்வொரு நிரலிலும் 3 பெட்டி இருப்பதால் கத்தரிக்கு 3 நிரல், மிளகாய்க்கு 2 நிரல் போகும். எண்ணினால் 15 குழி, அதாவது 15/18. ஆறு நிரல்களில் ஐந்து நிறைந்திருப்பதும் கண்ணுக்கு நேரே தெரியும். அதுதான் 5/6. சுருக்குவது என்றால் என்ன என்பதையும் அந்தப் படமே காட்டிவிடும்.

மறுநாள் 1/4 + 1/3 கொடுங்கள். 18 குழியில் கால் என்றால் நாலரைக் குழி. பெட்டியைப் பிளக்க வேண்டி வரும். கொஞ்சம் திணறட்டும், உடனே உதவப் போகாதீர்கள். "அப்ப எத்தனை குழிக் காணி எண்டால் காலும் வரும், மூண்டிலை ஒண்டும் வரும்?" என்று கேட்டால் 12ஐ அவளே பிடித்துவிடுவாள். 3 குழியும் 4 குழியும் சேர்ந்து 7/12. பொது மடங்குகளுட் சிறியது என்று புத்தகம் சொல்வது இந்தக் காணியைத்தான். குறுக்கே பெருக்குவது பிழையான வழி இல்லை. ஆனால் 5/12 + 7/18இல் அது 174/216 என்று கொண்டுபோய் விடும். 36 குழிக் காணி கீறினவள் 15உம் 14உம் 29/36 என்று முடித்துவிடுவாள். ரியூசனை நிறுத்தச் சொல்லவில்லை. வீட்டில் ஒரு இரண்டு கிழமைக்கு அந்தக் குறுக்கு வழியை எடுக்காமல் இருங்கள், போதும்.

இன்னொன்று. 'மூன்றில் இரண்டு' என்று நாங்கள் மூன்றை முதலில் சொல்கிறோம். எழுதும்போது இரண்டுதான் மேலே. கேட்ட வரிசையில் 3/2 என்று எழுதின பிள்ளைகள் என் வகுப்பில் வருடாவருடம் இருந்தார்கள். "மூன்றில்" என்று கேட்டதும் கோட்டைப் போட்டுக் கீழே 3ஐ எழுதப் பழக்குங்கள். மேலே உள்ளது பிறகு வரட்டும்.

பெருக்கலுக்கு எங்கள் பேச்சே துணை. 'அரைவாசியில் மூன்றில் ஒன்று' என்னும்போது 'அரைவாசியில்' என்பதில் வரும் 'இல்' தான் பெருக்கல் குறி. அம்மம்மாவின் ஒரு பரப்பில் அரைவாசி உங்களுக்கு, அதில் மூன்றில் ஒரு பங்கு மகளுக்கு என்றால் 9 குழியில் 3 குழி, 1/6. பெருக்கினால் கூடத்தானே வேண்டும் என்று அவள் மல்லுக்கு நிற்பாள். 'அரைக்கால்' என்ற சொல்லைச் சொல்லிக் கொடுங்கள்: காலில் அரை, எட்டில் ஒன்று. பெயரிலேயே கணக்கு இருக்கிறது. வீசம் பதினாறில் ஒன்று. ஏக்கருக்கு 16 பரப்பு என்பதால் ஒரு பரப்பு வீசம் ஏக்கர்.

வகுத்தலுக்கு அவசரம் இல்லை. "முக்காலில் எத்தனை அரைக்கால்?" என்று கேட்டு அவள் 6 என்று சொல்லும்வரை, தலைகீழாக்கிப் பெருக்கும் விதியை எடுக்கவே வேண்டாம்.

உறுதியைக் காட்டுவதென்றால் போட்டோக் கொப்பியைக் கொடுங்கள். கலர்ப் பென்சில் பிடித்த கையில் தாய் உறுதி அகப்படக்கூடாது.