பால் வாங்கக் கார் வேண்டுமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தில் கென்ட்லாண்ட்ஸ் என்ற குடியிருப்புக்கு மாறியிருக்கிறான். மூன்று மாதம் வந்து இருக்கச் சொல்கிறான். போன முறை டெக்சாஸில் அவன் ஆபீஸ் போய்விட்டால் நாங்கள் இருவரும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தோம். “இங்கே நடந்தே கடைக்குப் போகலாம்” என்கிறான். நம்பலாமா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: முக்கால்வாசி நம்பலாம். என் தங்கை மகள் அங்கே குடியிருந்தபோது நானும் என் வீட்டுக்காரரும் ஏழு வாரம் தங்கியிருக்கிறோம்.

போய்ச் சேர்ந்த மறுநாளே பால் தீர்ந்துவிட்டது. “சாயங்காலம் வாங்கிட்டு வரேன் பெரியம்மா” என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வரை காபி இல்லாமலா? பையை எடுத்துக்கொண்டு நானே கிளம்பிவிட்டேன். தெரு நெடுக நடைபாதை, மரநிழல். சாலை குறுகலாக இருப்பதால் கார்கள் மெதுவாகத்தான் வருகின்றன. கடைசியில் மட்டும் ஒரு பெரிய கார் நிறுத்துமிடத்தை வெயிலில் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் பெரிய மால் ஒன்று வருவதாக இருந்து, நின்றுபோனதாம். பிறகு வழக்கமான அமெரிக்க பாணியில் கடைகளைக் கட்டிவிட்டார்கள். உங்கள் மகன் சொன்னதில் நான் பிடித்துக்கொண்ட கால்வாசி அதுதான்.

அந்த இடம் முன்பு கென்ட் என்பவரின் பண்ணை. 352 ஏக்கர். ஆண்ட்ரே டுவானி, எலிசபெத் பிளேட்டர்-சைபெர்க் என்ற கட்டடக்கலைத் தம்பதி 1988-ல் அங்கேயே முகாம் போட்டு, ஊராரையும் அதிகாரிகளையும் கூட வைத்துக்கொண்டு வரைந்த ஊர் இது. கார் வருவதற்கு முன் இருந்த அமெரிக்கச் சிற்றூர்கள்தான் அவர்களுக்கு மாதிரி. தனி வீடு, வரிசை வீடு, அடுக்ககம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. பழைய பண்ணை மாளிகையை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். குதிரை லாயத்தில் இப்போது நாடகம் போடுகிறார்கள்.

சூட்சுமம் எல்லாம் கொல்லைப்புறத்தில்தான் இருக்கிறது. கார் நிறுத்தும் கராஜை வீட்டுக்குப் பின்னால், ஒரு சந்தில் தள்ளிவிட்டார்கள். குப்பைத் தொட்டியும் அங்கேதான். சில கராஜ்களுக்கு மேலே ஒரு சின்ன வீடு. வயதான பெற்றோரோ வாடகைக்காரரோ இருக்கலாம். இதனால் முன்பக்கத்தில் கராஜ் கதவு இல்லை; வீடு தெருவை ஒட்டியே வந்து, வாசலில் கூரை போட்ட ஒரு போர்ச்சும் கிடைத்துவிடுகிறது.

அன்றைக்குக் குறுக்குவழி என்று நினைத்து அந்தச் சந்து வழியாகத் திரும்பினேன். தப்பு. முன்னாலிருந்து பார்த்தால் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாதிரி. பின்னாலோ கண்ணுக்கெட்டிய வரை ஒரே வெள்ளைக் கதவு. கையில் பாலோடு இரண்டு முறை சுற்றி வந்தேன். கடைசியில் ஒரு வேலி இடுக்கில், பின்வாசல் படியில் கிடந்த என் வீட்டுக்காரரின் ரப்பர் செருப்பைப் பார்த்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

போர்ச்சை நம்மூர்த் திண்ணை என்று நினைத்துவிடாதீர்கள். திண்ணையில் வழிப்போக்கனும் உட்காரலாம், இங்கே கூப்பிடாமல் யாரும் ஏற மாட்டார்கள். ஆனால் நின்று பேசுவார்கள். என் வீட்டுக்காரர் தினமும் மாலை அங்கே போய் உட்கார்ந்துகொள்வார். இரண்டாவது வாரத்துக்குள் அந்தத் தெரு நாய்கள் அத்தனையின் பெயரும் அவருக்குத் தெரியும். நாயைக் கூட்டி வருபவர்களின் பெயர்தான் கடைசி வரை தெரியவில்லை.

மே மாதத்துக்குப் பிறகு போங்கள். ஜனவரியில் நடைபாதை இருந்தும் பிரயோஜனம் இல்லை, பனி வழுக்கும். புளி, உளுந்துக்கெல்லாம் வார இறுதியில் மகன் கார் எடுத்தால்தான் உண்டு.

அப்புறம், ஒன்று கேட்டு வையுங்கள். அவன் இருப்பது வரிசை வீடா? எங்களுக்குச் சமையலறை ஒரு மாடியில், படுக்கை அதற்கு மேல் மாடியில். கண்ணாடியை மறந்து வைத்துவிட்டால் பதினாலு படி. முட்டிவலி இருந்தால், கீழேயே படுக்க இடம் உண்டா என்று டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.