ஆன்டிபயாட்டிக் கொடுக்காமல் கோழியும் மாடும் வளர்க்க முடியுமா?

"காரைக்குடிக்கு அருகில் சிறிய கோழிப் பண்ணையும் நான்கு கறவை மாடுகளும் வைத்திருக்கிறோம். ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துங்கள் என்கிறார்கள். நிறுத்தினால் கோழிகள் செத்துப்போகாதா? அதற்கு மாற்று என்று உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

செட்டிநாட்டுக் கிராமங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கால்நடை மருத்துவம் பார்த்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். நோய் கண்ட கோழிக்கும் மாட்டுக்கும் உரிய மருந்தை நிறுத்தும்படி எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். நிறுத்த வேண்டியது, நோயே இல்லாதபோது எடை கூடுவதற்காகவும் 'எதற்கும் இருக்கட்டும்' என்ற எண்ணத்திலும் தீவனத்தில், தண்ணீரில் நாள்தோறும் கலக்கிற சிறு அளவு மருந்தைத்தான். அதை நிறுத்துவதால் மட்டும் பண்ணை அழிந்துவிடாது. ஆனால் அந்த மருந்து இதுவரை மூடி வைத்திருந்த குறைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். மாற்று என்பது அந்தக் குறைகளைச் சரிசெய்வதிலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தானில் தனியாக வசிக்கும் ஓர் ஆச்சி ஒருநாள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "டாக்டர் தம்பி, மூணு நாளா பாலு தோயவே மாட்டேங்குது. பால்காரன் என்னத்தக் கலக்குறான்னு நீங்கதான் வந்து கேக்கணும்" என்றார். போய்ப் பார்த்தேன். முந்தைய இரவு உறை ஊற்றிய பால், காலை பத்து மணிக்கும் சட்டியில் பாலாகவே இருந்தது. புளிப்பு வாசனைகூட இல்லை. பால்காரர் எதையும் கலக்கவில்லை. அவருடைய பசுவுக்கு மடிநோய் கண்டிருந்தது; நான்தான் பென்சிலின் வகை மருந்தை ஊசியாகவும் காம்பு வழியாகவும் கொடுத்திருந்தேன். பாலை விற்க வேண்டாம் என்று அவருடைய மகனிடம் சொன்னதோடு நான் நிறுத்திக்கொண்டேன். கறப்பவரிடமே சொல்லியிருக்க வேண்டும். அவர் நோயுற்ற காம்பின் பாலை மட்டும் கீழே ஊற்றிவிட்டு, மற்ற மூன்று காம்புகளின் பாலை நல்ல பால் என்று நம்பி ஊற்றி வந்திருக்கிறார். ஊசி மருந்து இரத்தத்தின் வழியாக நான்கு காம்புகளுக்கும் போய்ச் சேரும். காய்ச்சினாலும் பென்சிலின் முழுவதும் அழிவதில்லை. ஆச்சி ஊற்றிய உறைமோரில் இருந்த நுண்ணுயிர்கள் அந்தப் பாலில் பெருக முடியாமல் போனதே தயிர் தோயாததற்குக் காரணம்.

இது மருந்து எச்சம், அதாவது பாலில் தங்கிவிட்ட மருந்து பற்றிய செய்தி. மருந்து எதிர்ப்பு, அதாவது கிருமி மருந்துக்கு அடங்காமல் போவது, இதனினும் வேறானது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் படித்தவர்களிடையேயும் நிறைய இருக்கிறார்கள். ஆனாலும் ஆச்சியின் சட்டியில் நடந்தது, தீவனத்தில் நாள்தோறும் மருந்து தின்னும் கோழியின் குடலிலும் நடக்கிறது. அங்கே ஒரு வகை அல்ல, நூற்றுக்கணக்கான வகை நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. சிறு அளவு மருந்து அவற்றில் எளியவற்றைக் கொன்றுவிட, ஏதோ ஒரு மரபணு மாற்றத்தால் தாக்குப்பிடிக்கும் சில மட்டும் எஞ்சுகின்றன. ஈ.கோலை போன்ற கிருமி வசதியான சூழலில் இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும் என்பதால், காலியான இடத்தை எஞ்சியவற்றின் சந்ததி விரைவில் நிரப்பிவிடுகிறது. அதைவிடக் கவலை தருவது, எதிர்ப்பு மரபணு பல நேரங்களில் பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் அமர்ந்திருக்கிறது என்பதும், ஒரு கிருமி அந்த வளையத்தின் நகலைத் தன் இனத்தைச் சேராத இன்னொரு கிருமிக்கும் கொடுத்துவிட முடியும் என்பதும்தான். பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், போதாத அளவில் மருந்து கொடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று 1945-இல் தமது நோபல் உரையிலேயே எச்சரித்தார். தீவனத்தில் கலக்கும் அளவு, அவர் அஞ்சிய அதே போதாத அளவு.

நன்றாக வேகவைத்த கறியில் கிருமி உயிரோடு இருக்காது என்பது உண்மையே. ஆனால் கறி வெட்டும் கட்டை, அதைக் கழுவும் கை, அதே அரிவாள்மனையில் அடுத்து நறுக்கப்படும் வெங்காயம், கோழி எரு இடும் வயல், அந்த வயலின் மழைநீர் வந்து சேரும் கண்மாய் ஆகிய எதுவும் வேகவைக்கப்படுவதில்லை. ஊருணி நீரைக் காப்பாற்றிக் குடித்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

கோலிஸ்டின் என்ற மருந்தின் கதையை நீங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். மற்ற மருந்துகள் கைவிட்ட நிலையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர்கள் கடைசியாக எடுக்கும் மருந்துகளில் அது ஒன்று. அதே மருந்து இந்தியாவில் கோழித் தீவனத்தில் எடை கூட்டுவதற்காகச் சேர்க்கப்பட்டு வந்தது. அதை எதிர்க்கும் எம்சிஆர்-1 என்னும் மரபணு பிளாஸ்மிட்டில் ஏறிப் பரவுவதை, பன்றிகளிடமும் கடையில் விற்ற இறைச்சியிலும் மருத்துவமனை நோயாளிகளிடமும் கண்டதாக 2015-இல் சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2017-இல் சீனா கோலிஸ்டினை வளர்ச்சி ஊக்கியாகக் கொடுப்பதை நிறுத்தியது. அதன்பின் அந்த மரபணுவைத் தாங்கிய கிருமிகள் அங்கே குறைந்தன. இந்தியாவில் 2019 ஜூலையில் கால்நடை, கோழி, மீன் வளர்ப்புக்கும் தீவனச் சேர்மானங்களுக்கும் கோலிஸ்டின் தடை செய்யப்பட்டது. உங்கள் கிட்டங்கியில் பழைய பாக்கெட் ஏதும் கிடந்தால் அதைக் கோழிகளுக்குக் கொடுக்காதீர்கள். 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது.

நிறுத்திய நாடுகளில் என்ன ஆயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். மனிதர்களுக்குக் கொடுக்கும் வான்கோமைசினுக்கு நெருங்கிய உறவான அவோபார்சினை 1995-இல் நிறுத்திய டென்மார்க், படிப்படியாக 1999-க்குள் வளர்ச்சி ஊக்கி மருந்துகள் எல்லாவற்றையும் கைவிட்டது. கறிக்கோழிகளில் பெரிய இழப்பு ஏற்படவில்லை. ஆனால் தாய்ப்பால் மறக்கடித்த பன்றிக்குட்டிகளில் கழிச்சல் கூடியது; அதற்குச் சிகிச்சையாகக் கொடுத்த மருந்தின் அளவும் சில காலம் உயர்ந்தது. பராமரிப்பை மாற்றித்தான் அவர்கள் அதைக் கடந்தார்கள். 2006 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் இந்த வழக்கம் நின்றது. ஆகவே மருந்தை நிறுத்திவிட்டு வேறு எதையும் மாற்றாமல் இருந்தால் உங்கள் அச்சம் ஓரளவு மெய்யாகவே கூடும்.

எதை மாற்றுவது என்பதற்கு, நம் வீடுகளின் பின்கட்டில் பஞ்சாரத்துக்குள் அடைபட்டிருக்கும் அடைகாத்த கோழியைப் பாருங்கள். பொரித்த அன்றே குஞ்சுகள் தாயின் காலடியில் கிளறுகின்றன. தாய் கொத்திய இடத்தில் கொத்துகின்றன. தாயின் எச்சத்தையும் கொத்துகின்றன. அந்த எச்சத்தில் சில வேளைகளில் பசை போலக் கரும்பழுப்பாக விழுவது, சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் விரல் போல நீண்டிருக்கும் இரண்டு பைகளில் இருந்து வருவது. கோழியின் நுண்ணுயிர்க் கூட்டம் மிக அடர்த்தியாக வாழும் இடம் அந்தப் பைகளே. இப்படித் தாயின் நுண்ணுயிர்கள் முதல் வாரத்திலேயே குஞ்சின் குடலில் குடியேறிவிடுகின்றன. குஞ்சு பொரிப்பகத்தில் இயந்திரத்தில் பொரித்து, அட்டைப்பெட்டியில் உங்கள் பண்ணைக்கு வந்து இறங்கும் குஞ்சு தன் தாயைப் பார்த்ததே இல்லை. அதன் குடல் ஏறக்குறைய வெற்றிடமாக வருகிறது. முதலில் வருவது எதுவோ அது குடியேறிவிடும்.

இதை அறிவியல் முறையில் காட்டியவர்கள் பின்லாந்தைச் சேர்ந்த நுர்மி, ரன்டலா என்னும் ஆய்வாளர்கள். வளர்ந்த கோழியின் குடல் பொருளைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தால் சால்மோனெல்லா என்னும் குடல்நோய்க் கிருமி அவற்றில் எளிதில் வேரூன்ற முடிவதில்லை என்று 1973-இல் வெளியிட்டார்கள். நல்ல நுண்ணுயிர்கள் குடல் சுவரில் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. தீவனத்தின் நார்ப்பொருளைப் புளிக்கவைத்து அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் ஒன்றான பியூட்டிரிக் அமிலமே குடல் சுவரின் செல்களுக்கு உணவாகிறது. இதைப் படித்துவிட்டுக் கோழி எச்சத்தைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதனுடன் இரத்தக்கழிச்சலும் சால்மோனெல்லாவும் சேர்ந்தே வரும். ஆய்வகத்தில் சோதித்துத் தயாரித்ததை மட்டுமே கொடுக்கலாம்.

கடையில் புரோபயாட்டிக், அதாவது நல்ல நுண்ணுயிர்களை உயிரோடு அடைத்து விற்கும் பொருள், வாங்கும்போது, எந்த நுண்ணுயிர், ஒரு கிராமில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். குருணைத் தீவனம் நீராவியில் வேகும்போது லேக்டோபேசில்லஸ் பெரும்பாலும் இறந்துவிடும். கடினமான வித்தாக மாறி உறங்கக்கூடிய பேசில்லஸ் வகைகள் அந்தச் சூட்டைத் தாங்கும். லேக்டோபேசில்லஸைத் தண்ணீரில் கொடுப்பதே நல்லது. அன்றைக்குத் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. பார்மிக், புரோபியானிக் போன்ற அமிலங்கள் தீவனத்திலும் தண்ணீரிலும் சால்மோனெல்லாவைக் குறைக்க உதவுகின்றன. பூண்டு, மஞ்சள் போன்றவை துணை செய்யும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு பொட்டலத்திலும் வீரியம் வேறுபடுவதால், அவற்றை மட்டுமே நம்பி நோய் முற்றிய கூட்டத்தை விட்டுவிடுவதை நான் ஏற்க மாட்டேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தரையும் தண்ணீரும் வருகின்றன. புதுவயல் அரிசி ஆலைகளில் இருந்து உமி வாங்கி ஆழ்கூளம் போட்டிருப்பீர்கள். அதில் ஒரு பிடி எடுத்து அழுத்திவிட்டுக் கையை விரியுங்கள்: உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் சரி. கோழியின் தலை உயரத்துக்குக் குனிந்து நில்லுங்கள். கண் எரிந்தால் அம்மோனியா மிகுந்துவிட்டது. ஈரக் கூளத்தில்தான் இரத்தக்கழிச்சல் வளர்கிறது. அது சிதைத்த குடலில்தான் குடலழுகல் நோய்க் கிருமி நுழைகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் கொட்டகைக்குள் காற்று ஓடாவிட்டால், வெப்பத்தாலேயே குடல் சுவரின் காப்பு தளர்ந்துவிடுகிறது. தடுப்பூசி அடுத்தது. வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். அதற்கு எந்த ஆன்டிபயாட்டிக்கும் வேலை செய்யாது. ஆனாலும் கோழி தலை தொங்கியவுடன் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கரைத்து ஊற்றும் வழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. நார்வேயில் சால்மன் மீன் வளர்ப்பில் 1987-இல் ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாட்டிக் செலவானது. நல்ல தடுப்பூசிகள் வந்த சில ஆண்டுகளில் அது மிகச் சிறிய அளவாகிவிட்டது.

மாடுகளுக்கு வருகிறேன். மாட்டின் உணவைச் செரிக்க வைப்பது அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டமே. தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில், காய்ச்சல் கண்ட பசுவுக்கு மனிதர்களுக்கான ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை வாழைப்பழத்தில் வைத்து நான்கு நாள் கொடுத்திருந்தார்கள். நான் போனபோது பசு வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. இடப்பக்கப் பள்ளையில் முட்டியை அழுத்தி வைத்தேன். நிமிடத்துக்கு ஓரிரு முறை கையைத் தள்ள வேண்டிய இரைப்பை அசையவே இல்லை. பக்கத்து வீட்டில் நன்றாக அசைபோட்டுக்கொண்டிருந்த மாட்டின் இரைப்பையில் இருந்து குழாய் வழியாக மூன்று லிட்டர் நீர் எடுத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் இந்தப் பசுவுக்குக் குழாய் வழியாகவே செலுத்தினேன். மறுநாளும் அப்படியே செய்தேன். அன்று மாலை வீட்டுக்காரம்மா அழைத்து, "ஐயா, அசை போடுது" என்றார். புதிய மருந்து எதுவும் நான் கொடுக்கவில்லை; மாத்திரையில் அழிந்த கூட்டத்தைப் பக்கத்து வீட்டில் இருந்து கடன் வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான். கன்றுகளுக்கு இதே முக்கியத்துவம் சீம்பாலுக்கு உண்டு. பசுவின் கருப்பையில் நோய் எதிர்ப்புப் பொருள் கன்றுக்குப் போவதில்லை. பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பாலில்தான் கிடைக்கிறது. ஒரு நாள் கழிந்தால் குடல் அதை உறிஞ்சாது. நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மடிநோயின் தொடக்கத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் முன்னாள் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி பரவலாக்கிய மூலிகைப் பூச்சு நல்ல துணை. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்தால் சிவந்த விழுதாக வரும். பாலை முழுவதும் கறந்து, மடியைக் கழுவி, விழுதில் ஒரு பிடியை நீரில் தளர்த்தி மடி முழுவதும் பூச வேண்டும். நாளொன்றுக்குப் பத்து முறை, ஐந்து நாள் பூசினால்தான் பலன். இரண்டு முறை பூசிவிட்டுக் கேட்கவில்லை என்பவர்களே அதிகம். காய்ச்சல் கண்டு, பால் நீராகி, பசு படுத்துவிட்டால் காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். அப்போது ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். முடிந்தால் ஊசி போடுமுன் பால் மாதிரியை எடுத்து, எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்று கல்ச்சர் பரிசோதனை செய்து, சொன்ன நாள் வரை முழு அளவில் கொடுக்க வேண்டும்.

எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பது மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருக்கும். உறுதி செய்யப்பட்ட நாள் கணக்கு இல்லாத மருந்தானால், பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், கறிக்குக் குறைந்தது 28 நாள் என்று 2012-இல் வந்த விதி சொல்கிறது. கானாடுகாத்தான் ஆச்சி வீட்டு நிகழ்ச்சிக்குப் பிறகு, ஊசி போட்டுவிட்டு வாயால் சொல்வதோடு நான் கிளம்புவதில்லை. கறப்பவரை வரச்சொல்லி, மாட்டுக்கொட்டகையின் சுவரில் அவர் கண்முன்னே கரித்துண்டால் தேதியை எழுதுகிறேன்: இந்த நாள் வரை, நான்கு காம்பின் பாலும்.