அடுக்குமாடிக் குடியிருப்பில் சமூகத் தோட்டம் என்றால் என்ன, எதற்கு?

மொட்டைமாடியிலோ பொதுத் தளத்திலோ குடியிருப்பவர்கள் சேர்ந்து வளர்த்து, விளைந்ததைப் பகிர்ந்துகொள்ளும் தோட்டம். சிங்கப்பூரின் கம்போங் அட்மிரல்ட்டி நல்ல உதாரணம்: முதியோருக்கான 104 வீடுகள், கீழே உணவங்காடி, நடுவில் மருத்துவ நிலையம், மேலே படிப்படியாக அமைந்த மாடித் தோட்டம்.

வெயிலில் காய்ந்த கான்கிரீட் இரவெல்லாம் சூட்டைக் கக்கும். மண்ணும் இலையும் ஈரத்தை ஆவியாக விட்டுக் குளிரும். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதே காரணத்தால்தான். அப்புறம், எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு: கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற வரும் பாட்டிக்குப் பேச ஆள் கிடைக்கிறது.

“மாடியில் மண் போட்டால் தளம் ஒழுகும்” என்பார்கள். ஒழுகுவது மண்ணால் அல்ல, நீர்த்தடுப்புப் பூச்சும் வடிகாலும் சரியில்லாததால். எடை தாங்குமா என்று மட்டும் பொறியாளரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.